டீப்பெட்டிப் பலகையும் ராசா தலைப் பத்து சதமும்

அறுபதைத் தாண்டியவர்கள் வாசித்தால் போதும். இளையவர்கள் வாசிக்கக் கூடாது என்றில்லை. அவர்களுக்கு ஒவ்வொன்றாக விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். இப்போது கடையில் ஒரு ரூபாய் மிச்சம் வந்தால் கடைக்காரர் ஒரு டொபியைத் தூக்கிக் கையில் வைக்கிறார். நாமும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்த டொபியை வாயில் போடும்போதெல்லாம் எனக்குச் சதங்களின் ஞாபகம் வருகிறது.

கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை நீட்டுங்கள். ஐந்து சதம் சதுரம், மூலைகள் மழுங்கியிருக்கும். இரண்டு சதத்துக்கும் பத்து சதத்துக்கும் விளிம்பு அலை அலையாக, பிஸ்கட் மாதிரி. ஒரு சதம் வட்டம், ஊதினால் பறந்துவிடும் போலிருக்கும். பார்க்காமலே கை சொல்லிவிடும் இது என்ன காசென்று. பித்தளைக் காசு கையில் வேர்த்தால் ஒரு வாடை வருமே, பச்சை இரும்பு வாடையும் உப்பும் கலந்தது, அதுவும் வருகிறதா? வந்தால் நீங்கள் என் ஆள்தான், மேலே வாசியுங்கள்.

இதை நான் எழுதுவது பெருமையடிக்கத்தான். அடக்கமாக எழுதச் சொன்னால் எனக்கு வராது. அன்று மாத்தளையில் நான் ஜெயித்தேன். அதற்குப் பிறகு எவ்வளவோ தோற்றிருக்கிறேன், அதையெல்லாம் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நாங்கள் இருந்தது திருகோணமலை வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடு, இரண்டு வாசல். ஒன்றில் பெரியப்பா குடும்பம், மற்றதில் நாங்கள். தண்ணீர்க் குழாயும் துணி காயப்போடும் கம்பியும் பொது. பெரியப்பா எங்கள் பள்ளிக்கூடத்தில் உப அதிபர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அப்பா பஸ் கண்டக்டர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான், ஆனாலும் பெரியப்பா வந்தால் அப்பா கதிரையை விட்டு எழும்பிவிடுவார். பெரியப்பாவின் மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவன், எனக்கு இரண்டு வகுப்பு மேலே.

அப்பாவின் தோல் பையில்தான் என் கதை தொடங்குகிறது. டிக்கட் மெஷினும் தோல் பையும் தோளில் தொங்க, மழையில் நனைந்த காக்கி உடுப்போடு அவர் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவார். பையைத் திறந்து வைத்துவிட்டுக் கை கழுவப் போவார். அந்த நேரம்தான் எனக்கு. சில்லறைக்குள் கையை விட்டுக் கிண்டுவேன். என் சேகரிப்பில் இல்லாத காசு அகப்பட்டால் அதே பெறுமதிக்கு என் உண்டியல் காசைப் போட்டுவிட வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

எந்தப் பாதையில் எந்தக் காசு வரும் என்றுகூட எனக்குத் தெரியும். கலேவெல பஸ்ஸென்றால் சந்தைக்குப் போகிற ஆட்கள், காசில் வெங்காயத் தோல் ஒட்டியிருக்கும். சீகிரியாப் பக்கம் போன நாட்களில் எல்லாம் புதுக் காசு, பளபளப்பு. பழசு வேண்டுமென்றால் யட்டவத்தைதான். அங்கே கிழவிகள் இடுப்பில் சொருகிய சின்னப் பையிலிருந்து எடுத்துத் தருவார்கள், பாக்கு வாசத்தோடு. வெள்ளைக்கார ராசா தலை போட்ட சதுர ஐந்து சதம் எனக்குக் கிடைத்தது அப்படி ஒரு கிழவியிடமிருந்துதான்.

அந்த மழைக்காலத்தில் பஸ்ஸில் தினமும் சண்டை. அப்போதுதான் அலுமினியத்தில் புது ஐந்து சதமும் பத்து சதமும் வந்திருந்தன. பார்க்கப் பழையது மாதிரியேதான், தூக்கினால் பாரமே இல்லை. மிச்சம் கொடுத்தால் சனங்கள் வாங்கமாட்டார்கள். "இது என்னா, சின்னப் புள்ளைங்க கடை வச்சு வெளையாடுற காசா?" என்று அப்பாவின் கையில் திருப்பித் திணிப்பார்கள். "கவர்மெண்டு அடிச்ச காசுங்க, வாங்கிக்கங்க" என்று அப்பா கெஞ்சுவார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே அந்தச் சண்டைகளை நடித்துக் காட்டுவார். அம்மா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைப்பாள்.

பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வருகிறதென்று அறிவித்தது அந்த நாட்களில்தான். நகர மண்டபத்தில், எல்லாப் பள்ளிக்கூடங்களும் சேர்ந்து. எங்கள் பள்ளிக்கூடத்து மேசைக்குப் பொறுப்பு சித்திர டீச்சர். சிங்களவர், ஆனால் எங்களோடு தமிழில்தான் பேசுவார். காசு சேர்க்கிறவர்கள் பலகையில் பதித்து வைக்கலாம், ஆனால் வகைக்கு ஒன்றுதான் வைக்க வேண்டும் என்று காலைக் கூட்டத்தில் சொன்னார்.

அன்று பின்னேரமே பெரியப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். அப்பா எழும்பினார்.

"மேசையில எடம் இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு பலகைதான் வைக்கலாம்னு நான் சொல்லிட்டேன்" என்றார். "தம்பி, இவகிட்ட இருக்கிறதை எல்லாம் எடுத்து இவ அண்ணன்கிட்ட குடுக்கச் சொல்லு. அவன் பலகையில சேத்துக்கலாம். ரெண்டையும் சேத்தா பெருசா இருக்கும்."

"எனக்குக் குடுக்க ஏலாது" என்றேன்.

பெரியப்பா என்னைப் பார்க்கவேயில்லை. "பொம்பளைப் புள்ளைக்கு என்னாத்துக்குக் காசு சேக்கிற பழக்கம்? உண்டியல்ல போடச் சொல்லு."

அப்பா காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை முட்டியது. அண்ணனின் பலகை எனக்குத் தெரியும். கண்ணாடி போட்ட தேக்குச் சட்டம், உள்ளே சிவப்பு வெல்வெட். அதில் என் காசுகள் போய்ப் படுத்தால் பிறகு எது என்னுடையதென்று யாருக்குத் தெரியும்? யட்டவத்தைக் கிழவியின் ஐந்து சதம் உப அதிபர் மகனின் ஐந்து சதம் ஆகிவிடும்.

"டீச்சர் பாக்கட்டும்" என்று கத்தினேன். "யாருகிட்ட வகை கூடவோ அவங்க பலகை போகட்டும்."

பெரியப்பா அப்போதுதான் என்னைப் பார்த்தார், சிரித்தார். அண்ணனின் வெல்வெட் நிறைந்து வழிகிறது என்று அவருக்குத் தெரியும். "சரி. ஞாயித்துக்கிழமை டீச்சரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுறேன். தோக்கிறவங்க காசு ஜெயிக்கிறவங்க பலகைக்குள்ள போகும். பேச்சு மாறக் கூடாது."

வாய் கொடுத்தாகிவிட்டது. என்னிடம் பலகையே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

சந்து முனையில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கிற முஸ்லிம் வியாபாரி நானாவின் கடை. மழைக்குக் காயாத கொக்கோ விதைகளின் புளித்த வாசம் தெருவெல்லாம் அடிக்கும். நானாவிடம் பழைய டீப்பெட்டி, தேயிலை அடைத்து அனுப்புகிற மரப்பெட்டி, ஒன்று கேட்டேன். எதற்கென்று கேட்டார், சொன்னேன். ஒரு பெட்டியைத் தட்டிக் கழற்றி ஒரு பக்கப் பலகையைத் தந்தார். உள்ளே ஒட்டியிருந்த ஈயத் தாளையும் உரித்துச் சுருட்டித் தந்தார்.

"வகைக்கு ஒண்ணு எண்டா என்னா வகை மகள்?" என்று கேட்டார் நானா. "என்னைக் கேட்டா கனம்தான். புதுப் பத்துச் சதமும் பழைய பத்துச் சதமும் தராசுல வச்சிப் பாருங்க, ரெண்டும் ஒண்டா?"

அம்மாவைக் கேட்டேன். "பத்து சதம்னா பத்து சதம். எல்லாம் ஒரே வகைதான். கடையில ஒரே சாமான்தானே தர்றான்?" என்றாள். அப்பாவுக்கு இரண்டே வகை. ஒன்று சனங்கள் வாங்குகிற காசு, மற்றது வாங்காத காசு. பெரியப்பாவுக்கு வருஷம்தான் வகை. காசில் அடித்திருக்கிற வருஷம் மாறினால் அவருக்கு அது வேறு காசு. அண்ணனின் வெல்வெட்டில் ஒரே பத்து சதம் வருஷ வாரியாக வரிசைகட்டி நின்றது அதனால்தான். ஆளுக்கொரு வகை. எனக்குத் தலை சுற்றியது.

எனக்கு வழி காட்டியது அந்த ஈயத் தாள். நீங்களும் செய்திருப்பீர்கள்: தாளைக் காசின் மேல் வைத்து நகத்தால் மெல்ல மெல்லத் தேய்த்தால் காசின் முகம் அப்படியே எழும்பி வரும். என் காசுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தேன். விரல் நுனி கறுத்துப்போனது. தாளில் தேயிலை வாசம் இன்னும் இருந்தது. எடுத்த முகங்களைத் தரையில் பரப்பிவைத்துப் பார்த்தேன்.

எல்லாம் ஒரே வெள்ளி நிறம். பித்தளையின் மஞ்சள் இல்லை, செம்பின் சிவப்பு இல்லை, பாரம் இல்லை, வாடை இல்லை. சித்திரம் மட்டும்தான் மிச்சம். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. டீச்சர் சித்திர டீச்சர். அவருடைய கண்ணுக்கு வகையென்றால் சித்திரமாகத்தானே இருக்க வேண்டும்?

அப்படியென்றால் வருஷம் கணக்கில்லை. ஒரே சித்திரத்தில் எண் மட்டும் மாறியிருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஒதுக்கினேன். ராசா தலை ஒரு வகை. ராசா போனபிறகு வந்த சிங்கச் சின்னம் ஒரு வகை. நாடு குடியரசானபிறகு வந்த சின்னத்திலும் சிங்கம்தான். ஆனால் தாளில் தேய்த்துப் பார்த்தால் மேலே ஒரு சக்கரம், கீழே நெற்கதிர் வைத்த ஒரு கும்பம். பழையதில் அவை இல்லை. ஆகவே அது வேறு. கையில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியாத வித்தியாசம், தாளில் பளிச்சென்று தெரிந்தது.

கஷ்டம் எங்கே வந்ததென்றால் அலுமினியத்தில். புது அலுமினியப் பத்து சதம் என்னிடம் இருந்தது. கண்ணாடி மாதிரி மினுங்கும், அந்த நாளில் என் செல்லம் அதுதான். ஆனால் அதன் தாளையும் அதற்கு முந்திய பித்தளைப் பத்து சதத்தின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே சித்திரம். சக்கரம், சிங்கம், கும்பம், எல்லாம் ஒன்று. நிறம் வேறு, பாரம் வேறு, நானா கேட்டால் வேறு வகை என்று சத்தியம் பண்ணுவார். நான் அதை வைத்தால் எண்ணிக்கையில் ஒன்று கூடும். வைக்காவிட்டால் குறையும். இரண்டு நாள் அதை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் எடுத்துவிட்டேன். வருஷத்தைக் கணக்கில் எடுக்காதே என்று அண்ணனுக்குச் சொல்லப்போகிறவள் நான். உலோகத்தை மட்டும் எனக்கு வசதியாகக் கணக்கில் எடுத்தால் பெரியப்பா விடுவாரா? அலுமினிய ஐந்து சதத்தையும் அதோடு எடுத்தேன்.

பலகையில் ஓட்டை போட்டுத் தந்தது யார் தெரியுமா? அண்ணன்! பெரியப்பா கடைக்குப் போன நேரம் பார்த்துத் பள்ளிக்கூடக் கைப்பணிக்கு மரம் அறுக்கிற தன் சின்ன வாளோடு பின்பக்கமாக வந்தான். வட்டம் எல்லாம் சுலபமாக வந்தது. சதுர ஐந்து சதத்துக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு மூலை மூலையாக அறுத்தான்.

"நீ ஜெயிச்சா எனக்கு நல்லது" என்றான். "ஞாயித்துக்கிழமை மெட்ச் இருக்கு. அப்பா என்னை அந்தப் பலகைக்கு முன்னுக்கு உக்கார வச்சுத் தொடச்சுக்கிட்டே இருக்கச் சொல்றாரு."

மகனுக்குக் காசென்றால் உயிர் என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவனுக்கு உயிர் கிரிக்கெட். வீட்டுக்குள்ளேயே இருக்கிற பிள்ளையை அவருக்குத் தெரியவில்லையே என்று இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சனிக்கிழமை காலையில் பலகையில் ஒரு அலை விளிம்பு ஓட்டை மட்டும் வெறுமையாக இருந்தது. ராசா தலைப் பத்து சதம். அப்பாவின் பையில் எவ்வளவு கிண்டியும் அது வரவில்லை. அண்ணனிடமும் அது இல்லை. அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நான் உம்மென்று உட்கார்ந்திருந்ததை அம்மா பார்த்தாள். நேரே சாமித் தட்டுக்குப் போனாள். மாரியம்மன் படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு காசு எத்தனையோ வருஷமாகக் கிடந்தது. நான் குழந்தையாக இருந்தபோது அம்மாள் போட்டு, அதுதான் அம்மை, கண் திறக்காமல் கிடந்தேனாம். பிழைத்தால் தேருக்குக் கொண்டுவந்து செலுத்துகிறேன் என்று அம்மா முடிந்துவைத்த காசு. ஒவ்வொரு தேருக்கும் ஏதோ ஒரு தடங்கல்.

அம்மா முடிச்சை அவிழ்த்தாள். மஞ்சள் தூள் உதிர்ந்தது. உள்ளே அலை விளிம்போடு ராசா தலை.

"உன்கிட்ட மிச்சமா ஒரு பத்து சதம் இருக்குன்னியே, அதைக் கொண்டா" என்றாள்.

நான் அந்த மினுங்குகிற அலுமினியப் பத்து சதத்தைக் கொடுத்தேன். அதை மஞ்சளில் தோய்த்து, கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்து, துணியில் வைத்து இறுக்கி முடிந்து பழைய இடத்தில் வைத்தாள். ராசா தலையை என் கையில் தந்துவிட்டுத் தேங்காய் திருவப் போய்விட்டாள். எனக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் கூட.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டு முன்னறையில் மேசைக்கு வெள்ளை விரிப்பு. சித்திர டீச்சர் குடையை மடக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். பெரியம்மா கேக்கும் வாழைப்பழமும் வைத்தாள். அண்ணனின் தேக்குச் சட்டம் நடுவில். என் டீப்பெட்டிப் பலகை ஓரத்தில், ஆணித் தழும்போடு. காசுக்குக் கீழே அதன் மறுபக்கத்தை ஈயத் தாளில் எடுத்து ஒட்டியிருந்தேன், ஒரே காசில் இரண்டு முகத்தையும் பார்க்கலாம். அப்பாவும் அம்மாவும் கதவோரம் நின்றார்கள்.

டீச்சர் கேக்கைத் தொடவில்லை. நேரே என் பலகைக்கு வந்து தாளை விரலால் தடவினார். "ஷோக்! இது யார் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லை டீச்சர்" என்றேன்.

"ஆ, அப்ப நீ சொல்லு. இதுல ஏன் வருஷம் வருஷமா வைக்கேல்ல?"

சொன்னேன். தாளில் எடுத்தால் சித்திரம் மட்டும்தான் வரும், அது மாறினால்தான் வேறு வகை, எண் மாறினால் இல்லை. டீச்சர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு அண்ணனின் சட்டத்துக்குத் திரும்பிக் கண்ணாடியைத் திறக்கச் சொன்னார்.

"இதும் இதும்?" என்று இரண்டு பத்து சதத்தைக் காட்டினார்.

"வருஷம் வேற டீச்சர்" என்றார் பெரியப்பா.

"சித்திரம்?"

பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கையை விட்டு ஒரு பத்து சதத்தைத் தூக்கிவிட்டான். "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்" என்றான். அடுத்ததையும் தூக்கினான். அதற்கடுத்ததையும். அவன் கை போன வேகத்தைப் பார்க்க வேண்டுமே! வெல்வெட்டில் வட்ட வட்டமாக வெற்றிடம் விழுந்துகொண்டே போனது. பெரியம்மா கேக்குத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள், காசைக் குவிக்க இடம் வேண்டுமே.

அண்ணனிடம் புதுச் சின்னம் போட்ட காசு ஒன்றுகூட இல்லை. கடைக்குக் கொண்டுபோகிற காசையெல்லாம் யாராவது சேர்ப்பார்களா என்று பெரியப்பா அதை வைக்கவே விடவில்லை. இப்போது என் பலகையைக் காட்டி, "அப்ப இதையும் எடுங்க டீச்சர். பழசிலயும் சிங்கம், புதுசிலயும் சிங்கம். சிங்கம் சிங்கம்தானே?" என்றார்.

ஒட்டாமல் மிச்சம் வைத்திருந்த இரண்டு தாளை நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். டீச்சர் சக்கரத்தில் ஒரு விரலும் கும்பத்தில் ஒரு விரலும் வைத்தார். "மாஸ்டர், இது எங்க இருக்கு அதுல?" என்று கேட்டார். பெரியப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுப் பார்த்தார்.

ஆனால் அண்ணனிடம் விசேஷ நாட்களுக்கு வெளியிட்ட பெரிய காசுகள் இருந்தன, பெரியப்பாவின் சிநேகிதர்கள் தந்தவை. அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு சித்திரம், அசையாது. டீச்சர் கூட்டிப் பார்த்தார். என்னிடம் ஒன்றே ஒன்று அதிகம். அந்த ஒன்று ராசா தலைப் பத்து சதம்.

பெரியப்பா அதைத்தான் உற்றுப் பார்த்தார். ராசாவின் காதோரம் மஞ்சள் அப்பிக்கிடந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். முகம் மாறியது.

"இது சாமிக் காசு. நேந்து முடிஞ்ச காசு" என்றார். "இதை எப்பிடிப் பலகையில வைக்கலாம்? இது இவளோடது இல்லை, அம்மனோடது. டீச்சர், இதைக் கணக்குல எடுக்க ஏலாது."

அந்த ஒரு காசு போனால் சமம். சமமென்றால் யார் பலகை போகுமென்று உங்களுக்கே தெரியும்.

அம்மா கதவோரத்திலிருந்து முன்னால் வந்தாள். பெரியப்பா இருக்கிற அறையில் அம்மா பேசி நான் கேட்டதில்லை.

"அத்தான், நேந்தவ நான்" என்றாள். "பத்து சதம் செலுத்துறேன்னுதான் நேந்தேன். ராசா தலை போட்ட பத்து சதம்னு நேரலையே. பத்து சதம் அங்கதான் இருக்கு, முடிச்சுல."

"எந்தப் பத்து சதம்? பஸ்ஸுல யாரும் வாங்காத அந்த வெளையாட்டுக் காசா? அம்மனுக்கு அதையா குடுப்பாங்க?"

"கவர்மெண்டு அடிச்ச காசு அத்தான் அது. சனங்கதான் பாரம் பாத்து வாங்குறாங்க. அம்மன் பாரம் பாத்துத்தானா என் புள்ளைய எனக்குத் திருப்பிக் குடுத்தா?"

அம்மாவின் குரல் உயரவில்லை. குழாயடியில் பேசுகிற குரல்தான். ஆனால் பெரியப்பா பின்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தார். அன்று எனக்கு என் அம்மாவைக் கட்டிக்கொண்டு கத்த வேண்டும்போல இருந்தது. இன்றும் இருக்கிறது.

டீச்சர் அப்போதுதான் கேக்கில் ஒரு துண்டை எடுத்தார். "மாஸ்டர், நான் சித்திரம் பாக்கத்தான் வந்தது. சாமி கணக்கு அம்மாவுக்கும் சாமிக்கும். ராசா தலை வேற சித்திரம். எண்ணிக்கையில வரும்." கேக்கை மென்று விழுங்கினார். "டீப்பெட்டி போகுது."

அண்ணன் விசிலடித்தான். அவனுக்கு மெட்சுக்கு நேரமாகிவிட்டது.

பெரியப்பா பேச்சு மாறாதவர், அதையும் சொல்லத்தான் வேண்டும். அண்ணனின் காசுகளை அள்ளி என் பக்கம் தள்ளினார். "பேசினபடி இது இப்ப உன்னோடது. பலகையில சேத்துக்க."

"வேணாம் பெரியப்பா" என்றேன். "அண்ணன் காசு அண்ணன்கிட்டயே இருக்கட்டும். என் பலகை இவ்வளவுதான்." நான் கேட்டது அதைத்தானே? யாருடைய காசும் யாருடைய பலகைக்குள்ளும் போய்க் காணாமல் போகக் கூடாது. அப்பா அப்போது சிரித்ததை ஓரக் கண்ணால் பார்த்தேன்.

கண்காட்சியன்று நல்ல மழை. நகர மண்டபத்தில் ஈரக் குடை வாசமும் பசை வாசமும். எங்கள் மேசைக்குப் பக்கத்தில் பெரியப்பாதான் நின்றார், உப அதிபர் அல்லவா. வந்தவர்களிடம் என் பலகையை அவரே விளக்கிக்கொண்டிருந்தார். "வருஷத்தைப் பாக்கக் கூடாதுங்க. சித்திரம் மாறினாத்தான் வேற வகை. உலோகம் மாறினாக்கூட இல்லை" என்கிறார்! ஏதோ அவரே பிறக்கும்போது கொண்டுவந்த கொள்கை மாதிரி. நான் பக்கத்தில் நின்று, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது வெளியே ஒரு பஸ் வந்து நின்ற சத்தம். மண்டபத்துக்கு முன்னால் பஸ் நிறுத்துமிடம் கிடையாது. பார்த்தால் யட்டவத்தை பஸ். அப்பா முதலில் இறங்கினார், தோல் பையோடு. அவருக்குப் பின்னால் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும், கோழிக் கூடையோடு ஒருவர், பலாக்காயைத் தோளில் சுமந்தபடி இன்னொருவர். டிரைவர் மட்டும் எஞ்சினை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தார். அப்பா பஸ்ஸுக்குள் என்ன சொன்னாரோ தெரியாது, ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

எல்லோரும் என் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவருக்கொருவர் இடித்துக்கொண்டு குனிந்தார்கள். ஆளாளுக்குத் தங்கள் காசைத் தேடினார்கள். ஒரு கிழவி சதுர ஐந்து சதத்தைக் காட்டி அது தன்னுடையது என்று சிங்களத்தில் அடித்துச் சொன்னாள். கோழிக் கூடைக்காரர் இல்லை, அது தான் கொடுத்தது என்றார். எனக்குச் சந்தோஷத்தில் காது அடைத்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஆமாம் என்றேன்.

பலாக்காய்க்காரர் நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தார். பெரிய மனிதர் என்று பார்த்ததும் தெரிந்திருக்கும்.

"மாஸ்டர், இது உங்க மகன் செஞ்சதா?" என்று கேட்டார்.

பெரியப்பா பலகையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா ஈரக் காக்கி உடுப்போடு நேராக நின்றார். பெரியப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காலைக் கூட்டத்தில் பேசுகிற குரலில், மண்டபத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கச் சொன்னார்:

"இல்லை. இது என் தம்பி மகளோடது. எதைச் சேக்கணும், எதை விடணும்னு தீர்மானிச்சதும் அவதான்."

கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. அதுவரை அசையாமல் நின்றிருந்த அப்பா, ஓடுகிற பஸ்ஸின் மிதிபலகையில் நிற்கிறவர் மாதிரி, மண்டபமே அதிர, "ரைட்!" என்றார்.